பிறந்த நாடு எது? ஒரு சிறு கட்டம் படுத்தும் பெரும் பாடு!

கிழவர் ஒருவர் அரசாங்க அலுவலகத்துக்கு வந்தார். அதிகாரி விண்ணப்பத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்கத் தொடங்கினார்.

"பெரியவரே, நீங்கள் எந்த நாட்டில் பிறந்தீர்கள்?"

"ஆஸ்திரியா-ஹங்கேரியில்."

"பள்ளிக்கூடம் போனது?"

"செக்கோஸ்லோவேகியாவில்."

"கல்யாணம்?"

"ஹங்கேரியில்."

"வேலை பார்த்தது?"

"சோவியத் யூனியனில்."

"இப்போது எங்கே இருக்கிறீர்கள்?"

"உக்ரைனில் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறேன்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"அடேயப்பா! உலகம் எல்லாம் சுற்றியிருக்கிறீர்களே!" என்றார்.

கிழவர் சிரித்தார்.

"நானா? பிறந்த ஊரை விட்டு ஒரு நாள்கூட நான் வெளியே போனது இல்லையே!" என்றார்.

ஊர் நகரவில்லை

இது உஷ்ஹோரோத் என்ற ஊர்ப் பக்கம் சொல்லப்படும் வேடிக்கைக் கதை. ஆனால், கதையில் வரும் நாடுகள் எல்லாம் உண்மை.

உஷ்ஹோரோத் நகரம் உக்ரைன் நாட்டின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. 1910-ம் ஆண்டில் அது ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசில் இருந்தது. முதல் உலகப்போர் முடிந்ததும், 1919-ம் ஆண்டில், செக்கோஸ்லோவேகியாவுக்குப் போயிற்று. 1938-ம் ஆண்டில் ஹங்கேரி அதை எடுத்துக்கொண்டது. 1945-ம் ஆண்டில் அது சோவியத் யூனியனில் சேர்ந்தது. 1991-ம் ஆண்டில் சோவியத் யூனியன் சிதறியது. உஷ்ஹோரோத் உக்ரைன் நாட்டு நகரம் ஆயிற்று.

ஊர் நகரவில்லை. மனிதரும் நகரவில்லை. எல்லைக்கோடுதான் நகர்ந்தது!

சரி, அந்தக் கிழவர் "பிறந்த நாடு" என்ற கட்டத்தில் என்ன எழுதுவார்? அன்று இருந்த நாட்டின் பெயரை எழுதினால், அப்படி ஒரு நாடு இன்று இல்லை. இன்று இருக்கும் நாட்டின் பெயரை எழுதினால், அவர் பிறந்தபோது அப்படி ஒரு தனி நாடு இல்லை.

இரண்டு சொல் உள்ள ஒரு சிறு கட்டம். அதற்குள் இவ்வளவு சிக்கல்!

மூன்றும் ஒன்று அல்ல

பலர் இந்தக் கட்டத்தை நிரப்பும்போது தவறு செய்கிறார்கள். பிறந்த நாடு வேறு. குடியுரிமை உள்ள நாடு வேறு. குடியிருக்கும் நாடு வேறு. மூன்றும் ஒன்றாக இருக்கலாம். மூன்றும் வெவ்வேறாகவும் இருக்கலாம்.

குடியுரிமையை மாற்றிக்கொள்ளலாம். வீட்டை மாற்றிக்கொள்ளலாம். பிறந்த இடத்தை மட்டும் யாராலும் மாற்ற முடியாது. அதனால்தான் ஒரு மனிதரை அடையாளம் காண, அரசாங்கங்கள் இந்தக் கேள்வியைக் கேட்கின்றன.

எம்.ஜி.ஆர். 1917-ம் ஆண்டில் இலங்கையில், கண்டிச் சீமையில் உள்ள நாவலப்பிட்டியில் பிறந்தார். அவர் இந்தியக் குடிமகன். 1977-ம் ஆண்டில் தமிழ்நாட்டின் முதல்-அமைச்சர் ஆனார். அவர் பிறந்தபோது அந்த நாட்டுக்கு ஆங்கிலத்தில் "சிலோன்" என்று பெயர். 1972-ம் ஆண்டில் அது "ஸ்ரீலங்கா" என்று மாறியது. அவர் பிறந்த இடம் ஒன்றுதான். அந்த நாட்டுக்குப் பெயர் மட்டும் இரண்டு.

பெயர் மட்டும் மாறினால் பரவாயில்லை. பர்மா 1989-ம் ஆண்டில் "மியன்மார்" ஆயிற்று. ரங்கூனில் பிறந்து தமிழ்நாட்டுக்குத் திரும்பிய குடும்பங்கள் பல உண்டு. அவர்கள் "பர்மா" என்று சொன்னாலும் "மியன்மார்" என்று சொன்னாலும் நாடு ஒன்றுதான்.

நாடே இரண்டாகப் பிரிந்தால்? அங்கேதான் வம்பு!

இரண்டு தலைவர்கள்

மன்மோகன் சிங் 2004-ம் ஆண்டு முதல் 2014-ம் ஆண்டு வரை இந்தியாவின் பிரதமராக இருந்தார். அவர் 1932-ம் ஆண்டில் காஹ் என்ற கிராமத்தில் பிறந்தார். அந்தக் கிராமம் இன்று பாகிஸ்தானில் இருக்கிறது.

முஷரப் 2001-ம் ஆண்டு முதல் 2008-ம் ஆண்டு வரை பாகிஸ்தானின் ஜனாதிபதியாக இருந்தார். அவர் 1943-ம் ஆண்டில் டில்லியில் பிறந்தார்.

பாகிஸ்தானில் பிறந்தவர் இந்தியாவின் பிரதமர்! இந்தியாவில் பிறந்தவர் பாகிஸ்தானின் ஜனாதிபதி! இப்படிச் சொன்னால் கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால், அது முழு உண்மை அல்ல. அவர்கள் பிறந்தபோது பாகிஸ்தான் என்ற நாடே இல்லை. இருவரும் பிறந்தது ஒரே நாட்டில். அன்று அது பிரிக்கப்படாத இந்தியா.

1947-ம் ஆண்டில் எல்லைக்கோடு விழுந்தது. லட்சக்கணக்கான குடும்பங்கள் வீடு வாசலை விட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடின. லாகூரில் பிறந்து டில்லிக்கு ஓடி வந்த ஒருவர், "பிறந்த நாடு: பாகிஸ்தான்" என்று எழுத வேண்டும் என்றால் அவர் மனம் என்ன பாடுபடும்?

இந்திய அரசாங்கம் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறது. 15-8-1947-க்கு முன்பு, இன்று பாகிஸ்தானிலோ வங்காள தேசத்திலோ இருக்கும் ஊரில் பிறந்தவர்கள் பாஸ்போர்ட்டு விண்ணப்பத்தில் "பிரிக்கப்படாத இந்தியா" என்று குறிப்பிட வேண்டும். நாடுகளின் பட்டியலில் அந்தப் பெயரும் இருக்கிறது.

உலகப் படத்தில் அப்படி ஒரு நாடு இன்று இல்லை. விண்ணப்பத்தில் இருக்கிறது! அதுதான் உண்மையான விடை என்பதால், அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

1920-ல் கண்ட யுக்தி

இந்தத் தொல்லையை அமெரிக்கா 100 ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்தது.

அமெரிக்காவில் 10 ஆண்டுகளுக்கு ஒரு முறை ஜனத்தொகைக் கணக்கு எடுக்கிறார்கள். "நீங்கள் எங்கே பிறந்தீர்கள்?" என்ற கேள்வியை 1850-ம் ஆண்டிலேயே சேர்த்துவிட்டார்கள். ஐரோப்பாவில் இருந்து கப்பல் கப்பலாக மக்கள் வந்து குடியேறிய காலம் அது.

1920-ம் ஆண்டுக் கணக்கு வந்தது. அதற்குள் முதல் உலகப்போர் நடந்து முடிந்திருந்தது. ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசு உடைந்துவிட்டது. ஜெர்மனி சுருங்கிவிட்டது. ரஷியாவின் ஓரங்கள் பிய்ந்துவிட்டன. துருக்கியின் நிலமும் கைமாறிக்கொண்டிருந்தது. 1795-ம் ஆண்டில் உலகப் படத்தில் இருந்தே மறைந்துபோன போலந்து, 1918-ம் ஆண்டில் மறுபடியும் எழுந்து நின்றது!

1890-ம் ஆண்டில் வார்சா நகரில் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அன்று வார்சா, ரஷிய மன்னரின் ஆட்சியில் இருந்தது. அவர் "ரஷியா" என்று சொன்னாலும் சரி. "போலந்து" என்று சொன்னாலும் சரி. கணக்கு எடுப்பவர் எதை எழுதுவது?

அதிகாரிகள் யோசித்தார்கள். கணக்கு எடுப்பவர்களுக்கு ஒரு கட்டளை போட்டார்கள்.

"ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, ரஷியா, துருக்கி என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடக் கூடாது. எந்த மாகாணம் அல்லது எந்த ஊர் என்றும் கேட்டு எழுத வேண்டும்" என்பதே அந்தக் கட்டளையின் சாரம்.

என்ன எளிய யுக்தி! நாடு மாறும். ஊர் மாறாது. ஊரைத் தெரிந்துகொண்டால், அது எந்த நாட்டில் சேரும் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பாஸ்போர்ட்டில் ஒரு வார்த்தை

இந்தக் கட்டத்துக்காக ஒரு சிறுவனின் குடும்பம் சுப்ரீம் கோர்ட்டு வரை போனது என்றால் நம்புவீர்களா?

அந்தச் சிறுவன் 2002-ம் ஆண்டில் ஜெருசலேம் நகரில் பிறந்தான். பெற்றோர் அமெரிக்கக் குடிமக்கள். அவனுக்கு அமெரிக்க பாஸ்போர்ட்டு கேட்டார்கள். பிறந்த இடம் "இஸ்ரேல்" என்று எழுத வேண்டும் என்றார்கள். அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். "ஜெருசலேம்" என்று ஊர்ப் பெயரை மட்டும் எழுதினார்கள்.

காரணம் என்ன? ஜெருசலேம் யாருக்குச் சொந்தம் என்பதே பெரிய தகராறு. அதில் எந்தப் பக்கமும் சேரக் கூடாது என்பது அமெரிக்க அரசாங்கத்தின் அன்றைய கொள்கை. ஆனால், விரும்புகிறவர்கள் "இஸ்ரேல்" என்று எழுதிக்கொள்ளலாம் என்று அமெரிக்கப் பாராளுமன்றம் 2002-ம் ஆண்டில் ஒரு சட்டம் செய்திருந்தது.

வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2015-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. "எந்த நாட்டை அங்கீகரிப்பது என்பது ஜனாதிபதியின் அதிகாரம். பாராளுமன்றம் அதில் தலையிட முடியாது" என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. சிறுவனின் குடும்பம் தோற்றது.

பிறகு அமெரிக்காவின் கொள்கை மாறியது. ஜெருசலேமில் பிறந்தவர்கள் விரும்பினால் "இஸ்ரேல்" என்று போட்டுக்கொள்ளலாம் என்று 2020-ம் ஆண்டில் அனுமதித்தார்கள்.

பாஸ்போர்ட்டில் ஒரு வார்த்தை. அதற்குப் பின்னால் இரு சமூகங்களின் மண் தகராறு!

கட்டத்தை நம்பி வாழ்க்கை

இந்தக் கட்டம் மனிதரின் வாழ்க்கையையே மாற்றிவிடுவதும் உண்டு.

அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருக்க "கிரீன் கார்டு" வேண்டும். வேலையின் பேரில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 பேருக்கு அது கிடைக்கிறது. 1990-ம் ஆண்டுச் சட்டப்படி, எந்த ஒரு நாட்டுக்கும் பொதுவாக 100-க்கு 7 பங்குக்கு மேல் கிடையாது.

எந்த நாடு என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்? குடியுரிமையைப் பார்ப்பது இல்லை. பிறந்த நாட்டைப் பார்க்கிறார்கள்!

சென்னையில் பிறந்த ஒருவர் கனடாவுக்குப் போய் அந்த நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பிறகு அமெரிக்காவில் கிரீன் கார்டு கேட்கிறார். அவர் நிற்க வேண்டியது கனடா வரிசையில் அல்ல. இந்தியா வரிசையில்தான். இந்தியா வரிசை மிக நீளமானது. ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அவருடைய அண்ணன் துபாயில் வேலை பார்க்கிறார். அண்ணன் மகன் துபாயிலேயே பிறந்தவன். வளர்ந்து அமெரிக்கா போனால், இந்தியப் பாஸ்போர்ட்டு வைத்திருந்தாலும் அவன் வேறு வரிசையில் நிற்பான். சித்தப்பா நீண்ட வரிசையில். அண்ணன் மகன் குறுகிய வரிசையில்!

கணவனும் மனைவியும் வெவ்வேறு நாடுகளில் பிறந்திருந்தால், ஒருவருடைய வரிசையில் மற்றவரும் சேர்ந்துகொள்ள வழி உண்டு. மனைவி இலங்கையில் பிறந்தவர் என்றால், இந்தியாவில் பிறந்த கணவர் இலங்கை வரிசையில் நிற்கலாம். எல்லாம் அந்த ஒரு கட்டத்தின் மகிமை!

கம்ப்யூட்டர் செய்யும் கூத்து

காகிதத்தில் எழுதிய காலத்தில் ஒரு வசதி இருந்தது. கட்டத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். இடம் போதாவிட்டால் ஓரத்தில் எழுதலாம். "அன்று பர்மா, இன்று மியன்மார்" என்று விளக்கமும் சொல்லலாம்.

கம்ப்யூட்டர் வந்தது. கட்டத்தைத் தொட்டால் நாடுகளின் பட்டியல் விழுகிறது. அதில் உள்ள ஒரு பெயரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாத பெயரை எழுத முடியாது. கட்டத்தை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது.

பட்டியலை யார் தயாரிக்கிறார்கள்? ஜெனீவா நகரில் ஐ.எஸ்.ஓ. என்ற உலகத் தர நிறுவனம் இருக்கிறது. அது 1974-ம் ஆண்டில் நாடுகளுக்குச் சுருக்கக் குறிகள் கொடுத்தது. இன்று அந்தப் பட்டியலில் 249 பெயர்கள் இருக்கின்றன. ஐக்கிய நாடுகள் சபையில் உள்ள நாடுகளோ 193-தான். மீதிப் பெயர்களில் பல, பிற நாடுகளின் பிடியில் உள்ள தீவுகள்.

அந்தத் தீவுகளில் ஒன்று புவே தீவு. தெற்கு அட்லாண்டிக் கடலில் பனி மூடிக் கிடக்கிறது. நார்வே நாட்டுக்குச் சொந்தம். அங்கே குடியிருப்பவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் பட்டியலில் அதற்கு இடம் உண்டு!

சோவியத் யூனியனில் 1989-ம் ஆண்டில் 28 கோடிக்கும் அதிகமான மக்கள் இருந்தார்கள். அந்தப் பெயர் பட்டியலில் இல்லை. பழைய நாடுகளுக்கு ஐ.எஸ்.ஓ. தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. படிவம் தயாரிப்பவர்கள் பலர் அதை எடுத்துப் பார்ப்பது இல்லை.

ஆள் இல்லாத தீவுக்கு இடம் உண்டு. கோடிக்கணக்கானவர்கள் பிறந்த நாட்டுக்கு இடம் இல்லை!

இன்னொரு கூத்தும் நடந்தது. செக்கோஸ்லோவேகியாவுக்கு "சி.எஸ்." என்ற குறி இருந்தது. 1993-ம் ஆண்டில் அந்த நாடு இரண்டாகப் பிரிந்தது. குறி சும்மா கிடந்தது. 2003-ம் ஆண்டில் அதே குறியை "செர்பியா-மாண்டிநீக்ரோ" என்ற நாட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். 2006-ம் ஆண்டில் அந்த நாடும் பிரிந்துவிட்டது!

பழைய ஏட்டில் ஒருவர் பெயருக்கு எதிரே "சி.எஸ்." என்று இருந்தால், அவர் எந்த நாட்டில் பிறந்தவர்? குறியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஊரையும் எழுதி வைத்திருந்தால் உடனே தெரிந்துவிடும்.

கடலில் பிறந்த குழந்தை

கப்பலில் பிறக்கும் குழந்தைகள் உண்டு. ஆகாய விமானத்தில் பிறக்கும் குழந்தைகளும் உண்டு. நடுக்கடலில் எந்த நாடு?

அமெரிக்க பாஸ்போர்ட்டில் இதற்கும் விடை இருக்கிறது. நடுக்கடலில் பிறந்தவர்களுக்கு "கடலில்" என்று எழுதுகிறார்கள். கடலுக்கு மேலே விமானத்தில் பிறந்தவர்களுக்கு "ஆகாயத்தில்" என்று எழுதுகிறார்கள்.

பிறந்த இடமே தெரியாதவர்களும் இருக்கிறார்கள். தொட்டிலில் விடப்பட்ட குழந்தைகள், போரில் எல்லாவற்றையும் இழந்து ஓடி வந்தவர்கள். அவர்களிடம் பட்டியலை நீட்டி "ஒன்றைத் தேர்ந்தெடு" என்றால் என்ன செய்வார்கள்? ஏதோ ஒரு பெயரைத் தொடுவார்கள். அன்று வாய் திறக்க முடியாமல் தொட்ட பெயர், பிறகு பொய்யாகத் தெரியும். "முன்பு ஒன்று சொன்னாய், இப்போது ஒன்று சொல்கிறாய்" என்று பிடித்துக்கொள்வார்கள். குற்றம் அவர்கள் மீது அல்ல. கட்டத்தின் மீது!

நல்ல கட்டம் எப்படி இருக்கும்?

படிவம் தயாரிப்பவர்கள் கவனிக்க வேண்டியவை அதிகம் இல்லை. ஐந்தே விஷயங்கள்தான்.

1. தேவை இருந்தால் மட்டும் கேட்க வேண்டும். துணிக்கடையில் தள்ளுபடி அட்டை கொடுக்கப் பிறந்த நாடு எதற்கு?

2. நாட்டோடு ஊரையும் பிறந்த தேதியையும் கேட்க வேண்டும். ஊரும் தேதியும் தெரிந்தால், அன்றைய நாட்டையும் இன்றைய நாட்டையும் கண்டுபிடித்துவிடலாம்.

3. அன்றைய பெயரா, இன்றைய பெயரா என்பதைக் கட்டத்தின் அருகிலேயே சொல்லிவிட வேண்டும். "ஊர் இன்று எந்த நாட்டில் இருக்கிறது?" என்று கேட்டால் குழப்பமே இல்லை.

4. மக்கள் எந்தப் பெயரைச் சொன்னாலும் புரிந்துகொள்ள வேண்டும். ஹாலந்து என்றாலும் நெதர்லாந்துதான். சிலோன் என்றாலும் இலங்கைதான். பிரிட்டிஷ் அரசாங்கத்தின் கம்ப்யூட்டர் பிரிவினர் இப்படி ஒரு கட்டத்தைச் செய்திருக்கிறார்கள். "டாய்ச்லாந்து" என்று ஜெர்மானியர் தம் மொழிப் பெயரை அடித்தால், "ஜெர்மனி" என்று எடுத்துக் கொடுக்கும்.

5. "தெரியாது", "பட்டியலில் இல்லை" என்று சொல்லவும் இடம் இருக்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது

நிரப்புகிறவர்களும் கவனமாக இருக்க வேண்டும். கட்டம் கேட்பது பிறந்த நாடா, குடியுரிமையா என்பதை இரண்டு முறை படிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஊர்ப் பெயர் எப்படி இருக்கிறதோ, அப்படியே எல்லாத் தாள்களிலும் எழுதுவது நல்லது. ஒரு தாளில் ஒன்று, மறு தாளில் இன்னொன்று என்று இருந்தால் வீண் அலைச்சல்.

ரங்கூனிலோ, பினாங்கிலோ, கண்டியிலோ பிறந்த தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால், அவர்கள் பிறந்த ஊரையும் ஆண்டையும் இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு ஒருநாள் அது தேவைப்படலாம்.

உஷ்ஹோரோத் கிழவருக்கும் நல்ல படிவம் கிடைத்தால் கவலை இல்லை. ஐந்து நாடுகளின் கதையை அவர் சொல்ல வேண்டியது இல்லை. "ஊர்: உஷ்ஹோரோத். ஆண்டு: 1910" என்று எழுதிவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாம்!